அடையாளமும் விதையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களானோர் நால்வர். மேடையில் நிற்பது ஒருத்தியானாலும் நால்வரும் கூடிப் பேசி எழுதிய உரை இது. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகின்றோம். சங்கம் எங்களுக்குத் தந்த தலைப்பு நீரிழிவு. அதைப் பற்றி எழுதத் தொடங்கியவர்கள் கடைசியில் ஒரு விதையில் வந்து நின்றோம். அது எப்படி என்று சொல்லிவிடுகின்றோம்.

கிளினிக்கில் வாரம் தவறாமல் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "மகள், குரக்கன் திண்டா சீனி இறங்குமாம், மெய்தானா?" நாங்கள் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான். குரக்கன் நல்ல உணவு. அதில் நார்ச்சத்து உண்டு. நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கின்றது. அதே அளவு அரிசியில் இருப்பது பத்து மில்லிகிராம் அளவில்தான். ஆனால் குரக்கனிலும் மாப்பொருள் உண்டு. மூன்று ரொட்டிக்குப் பதில் ஆறு ரொட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். குரக்கன் மருந்தல்ல, மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பி இருக்கவும் கூடாது.

ஒருநாள் இப்படிச் சொல்லி முடித்ததும், எதிரே இருந்த வயதான தாய் ஒருவர் தலையை ஆட்டிவிட்டு, "அது சரி மகள். ஆனா இப்ப கடையில வாறது எங்கட குரக்கன் இல்ல. நாங்க சேனையில போட்ட குரக்கன்ட கதிர் வேற, மாவு வேற. அந்த விதை இப்ப ஆருக்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் நால்வரிடமும் பதில் இல்லை. பதில் தெரிந்த ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். அவளுடைய இலக்கம் எங்களில் ஒருவரிடமும் இருக்கவில்லை. அதுதான் இந்த உரையின் தொடக்கம்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். உயர்தர உயிரியல் வகுப்பில் எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவள். தாவரவியலில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. பரீட்சை முடிவு வந்தது. எங்களுக்கு மருத்துவபீடம் கிடைத்தது. அவள் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றாள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குப் போனாள். ஊர் அவளைப் பாராட்டவில்லை. "மெடிசின் கிடைக்கல்லயாம்" என்று இரக்கப்பட்டது. நாங்களும் இரக்கப்பட்டோம். அந்த இரக்கம் அவளுக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை. மெதுமெதுவாகத் தொடர்பு விட்டுப்போயிற்று.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவளுடைய இலக்கத்தைத் தேடி எடுத்துக் கேட்டபோது அவள் கோபிக்கவில்லை. "குரக்கனுக்குப் போகுமுன் கம்பில தொடங்குவம், அதுதான் கதை தெளிவா இருக்கிற பயிர்" என்றாள். வரண்ட நிலத் தானியங்களின் விதையோடுதான் அவளுடைய வேலை. பயிற்சிக்காக ஹைதராபாத் பக்கமும் போய் வந்தவள். அவள் எங்களுக்குச் சொல்லித் தந்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகின்றோம்.

"மூலக்கூற்று அடையாளம் எண்டா என்ன?" என்று நாங்கள் கேட்டதற்கு அவள் திருப்பிக் கேட்டாள்: "சுனாமி நேரம் கல்முனையில அந்தக் குழந்தைக்கு என்ன செய்தாங்க, மறந்துட்டீங்களா?"

இந்த மண்டபத்தில் அதை மறந்தவர் எவரும் இருக்கமாட்டார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. உலகப் பத்திரிகைகள் அக்குழந்தையை ஓர் இலக்கத்தால் அழைத்தன. பெயரும் வேண்டாம், இலக்கமும் வேண்டாம். அது இன்று வளர்ந்துவிட்ட பிள்ளை. பலர் அக்குழந்தையைத் தங்களுடையது என்று உரிமை கோரியதாகச் செய்திகள் வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த ஊரில் அது வியப்பும் அல்ல, குற்றமும் அல்ல. கல்முனை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கொழும்பில் டி.என்.ஏ. பரிசோதனை செய்யப்பட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்தது. பெற்றோர் இன்னார் என்று உறுதியாயிற்று. குழந்தை தாயின் மடிக்குத் திரும்பியது.

அந்தப் பரிசோதனையில் பார்ப்பது என்ன? எங்கள் டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் இரண்டு, மூன்று, நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒருவரிடம் அது ஒன்பது தரம் வரும். இன்னொருவரிடம் பதின்மூன்று தரம். ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று பிள்ளைக்கு வரும். பல இடங்களை ஒன்றாகப் பார்த்தால் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடலாம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தத் துண்டுகள் கண்ணின் நிறத்தையோ உடலின் உயரத்தையோ தீர்மானிப்பவை அல்ல. அவை வெறும் அடையாளங்கள். ஆனால் அடையாளமாக அவை பொய் சொல்வதில்லை.

இதே வகைத் துண்டுகள் கம்பிலும் உண்டு, நெல்லிலும் உண்டு, குரக்கனிலும் உண்டு. அவற்றைத்தான் பயிர் ஆய்வாளர்கள் மூலக்கூற்று அடையாளங்கள் என்கின்றார்கள். பிள்ளைக்குத் தாயைத் தேட உதவியது, விதைக்குள் நல்ல குணத்தைத் தேடவும் உதவுகின்றது.

அடுத்தது, அடையாளம் எங்கே இருக்கின்றது என்பதைக் காட்டும் படம். உயர்தர வகுப்பில் நிறமூர்த்தம், இணைப்பு, குறுக்குப் பரிமாற்றம் என்று படித்தது தங்கைகளுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் எங்கள் பிரதான வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே மருதமுனை, பிறகு பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, கடைசியில் அக்கரைப்பற்று. இந்த வீதியை ஒரு கயிறாக எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது ஓர் இடத்தில் வெட்டுங்கள். மருதமுனையும் அக்கரைப்பற்றும் ஒரே துண்டில் நிற்பது அரிது. கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் பெரும்பாலும் ஒரே துண்டில் நிற்கும். நிறமூர்த்தமும் அப்படித்தான். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அது வெட்டுப்பட்டுச் சோடியோடு மாறிக்கொள்ளும். அருகருகே இருப்பவை சேர்ந்தே போகும். தூரத்தில் இருப்பவை பிரியும். எந்த இரண்டு எத்தனை தரம் சேர்ந்து போயின என்று நூற்றுக்கணக்கான செடிகளில் எண்ணினால், எது எதற்குப் பக்கத்தில் இருக்கின்றது என்று வரைந்துவிடலாம். அதுதான் பரம்பரைப் படம்.

ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒரு வீட்டைத் தேடுகின்றார். வீட்டின் இலக்கம் தெரியாது. "பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீடு" என்று சொன்னால் போதும். பள்ளிவாசல் கண்ணுக்குத் தெரியும். வீடு அருகே இருக்கும். அடையாளம் என்பது அந்தப் பள்ளிவாசல். நாங்கள் தேடும் பரம்பரை அலகு, இப்போது மரபணு என்று எழுதுகின்றார்களே, அது அந்த வீடு.

இனிக் கம்புக்கு வருவோம். கம்பு மேற்கு ஆபிரிக்காவில், சஹாராவின் தென் ஓரத்தில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் கைக்கு வந்த பயிர். நெல் கருகிப்போகும் மண்ணில், சோளன் நிற்க முடியாத வெயிலில் அது கதிர் விடும். இந்தியாவில் ராஜஸ்தான், குஜராத், ஹரியானா போன்ற மாநிலங்களில் மழையை மட்டும் நம்பி இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அதுதான் ரொட்டி. அதன் தட்டைதான் மாட்டுக்குத் தீனி.

1965இல் இந்தியாவில் கம்பின் முதல் கலப்பின விதை, எச்.பி. 1, வெளியிடப்பட்டது. பஞ்சாபில் டி. எஸ். அத்வால் உருவாக்கியது. அதன் தாய் வரிசை அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கிளென் பேர்ட்டன் வளர்த்தெடுத்த டிஃப்ட் 23ஏ. கலப்பின விதை செய்வதற்குத் தன் மகரந்தத்தால் தானே கருவுறாத தாய்ச் செடி வேண்டும். அந்தக் குணம் தாய்வழியே மட்டும் வரும். கலத்தின் முதலுருவோடு தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். இதைச் சொன்னபோது எங்கள் தோழி சிரித்தாள். "எங்கட குடி மாதிரி" என்றாள். எங்கள் கரையோர ஊர்களில் குடி தாய்வழியே வருவது. வாப்பாவின் குடி எதுவானாலும் பிள்ளை உம்மாவின் குடி. டிஃப்ட் 23ஏயின் கதையும் அதுதான்.

விளைச்சல் கூடியது. எல்லோரும் அதே தாயின் பிள்ளைகளை விதைத்தார்கள். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியது. பங்கசு போன்ற ஒரு நுண்ணங்கியால் வருவது. இலையின் அடியில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். முற்றினால் மணி பிடிக்க வேண்டிய கதிர் பச்சை இலைக்கொத்தாக மாறிவிடும். அதனால் பச்சைக் கதிர் நோய் என்றும் சொல்வார்கள். வயல் பசுமையாக நிற்கும். குதிரில் போட மணி இராது. ஒரே தாய்வழியில் வந்த பயிர் முழுவதும் ஒரே நோய்க்கு விழுந்தது.

அதன் பிறகு வந்த கலப்பின விதைகளில் முக்கியமான ஒன்று எச்.எச்.பி. 67. ஹிசாரிலுள்ள ஹரியானா விவசாயப் பல்கலைக்கழகம் 1990இல் வெளியிட்டது. விதைத்து அறுபத்தைந்து நாள் அளவில் அறுவடைக்கு வந்துவிடும். மழை முன்கூட்டியே நின்றாலும் இது முந்திக்கொள்ளும். ஆகவே இலட்சக்கணக்கான ஏக்கரில் மக்கள் இதை விதைத்தார்கள். சில ஆண்டுகளில் இதிலும் அடிச்சாம்பல் நோய் தென்படத் தொடங்கியது. முன்னர் நடந்தது மீண்டும் நடக்கப்போகின்றது என்று ஆய்வாளர்களுக்குப் புரிந்தது.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் 1972இல் அமைக்கப்பட்ட இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆய்வு நிறுவனம் இருக்கின்றது. வரண்ட நிலப் பயிர்களுக்கென்றே அமைந்தது. அதன் விதைக் காப்பகத்தில் கம்பு மட்டும் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். அங்கே டொம் ஹாஷ் உள்ளிட்டோரும், இங்கிலாந்தில் நொரிச் நகரிலுள்ள ஜோன் இன்னஸ் நிலையத்தில் மைக் கேல் குழுவினரும், வேல்ஸ் நாட்டில் பாங்கர் பல்கலைக்கழகத்தில் ஜோன் விட்கோம் குழுவினரும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1994இல் கம்பின் முதலாவது மூலக்கூற்றுப் பரம்பரைப் படம் வெளிவந்தது. கம்புக்கு ஏழு சோடி நிறமூர்த்தங்கள். படத்திலும் ஏழு தொகுதிகள். அடுத்து, நோய் எதிர்ப்பைத் தரும் பகுதிகள் அந்தப் படத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடினார்கள். இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் எடுத்த நோய்க்கிருமிகளைக் கம்பு விளையாத பாங்கரில் கண்ணாடி வீட்டுக்குள் நாற்றுகளில் தெளித்துச் சோதித்தார்கள். அங்கிருந்து கிருமி தப்பினாலும் அழிவதற்கு வயல் கிடையாது அல்லவா? ஓரிடத்துக் கிருமியைத் தடுக்கும் பகுதி இன்னோரிடத்துக் கிருமியைத் தடுக்காமல் போவதையும் அங்கேதான் கண்டார்கள்.

பிறகு திருத்தும் வேலை. எச்.எச்.பி. 67க்கு ஒரு தாய் வரிசை, ஒரு தந்தை வரிசை. தந்தை வரிசையை, நோயைத் தாங்கும் இன்னொரு வரிசையோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளையில் பாதி புதியது. அதைப் பழைய தந்தை வரிசையோடு மீண்டும் சேர்த்தால் புதியது காற்பங்கு. மீண்டும் சேர்த்தால் அரைக்காற்பங்கு. இப்படிப் போகப்போக அறுபத்தைந்து நாளில் விளையும் பழைய குணம் முழுதாகத் திரும்பிவரும். ஆனால் எதிர்ப்புத் தரும் பகுதியும் அந்தக் கழிவோடு சேர்ந்து போய்விடக் கூடாது. கண்ணால் பார்த்து அதை அறிய முடியாது. நோய் வந்தால்தான் எதிர்ப்புத் தெரியும். இங்கேதான் அடையாளம் கைகொடுத்தது. நாற்றுப் பருவத்தில் ஒரு சிறு இலைத் துண்டு போதும். பக்கத்து அடையாளம் இருக்கின்றதா என்று பார்ப்பார்கள். இருந்தால் நாற்று நிற்கும், இல்லாவிட்டால் கழியும். தாய் வரிசையையோ பழைய முறையிலேயே, நோயைக் கொடுத்துப் பார்த்துத் தெரிந்தெடுத்துத் திருத்தினார்கள். புதிய முறையும் பழைய முறையும் தோளோடு தோள் நின்றன.

2005இல் திருத்தப்பட்ட எச்.எச்.பி. 67 ஹரியானாவில் வெளியிடப்பட்டது. மூலக்கூற்று அடையாளத்தின் துணையோடு இந்தியாவில் பொது நிறுவனங்கள் விவசாயிக்குக் கொடுத்த முதல் கலப்பின விதை அது. சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கான ஹெக்டேயரில் விதைக்கப்பட்டது. ஒரு கேள்வி எழலாம்: இது மரபணு மாற்றிய பயிரா? இல்லை. வேறு உயிரின் மரபணு எதுவும் இதற்குள் வைக்கப்படவில்லை. கம்போடு கம்பைத்தான் சேர்த்தார்கள். எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்று தெரிந்தெடுக்கும் கண் மட்டுமே புதிது. 2017இல் கம்பின் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டு வெளிவந்தது; ஏறத்தாழ 38,500 மரபணுக்கள். அந்தக் கண் இப்போது இன்னும் கூர்மையாகியிருக்கின்றது.

இதையெல்லாம் கேட்டு நாங்கள் வியந்துகொண்டிருந்தபோது தோழி ஒரு விடயத்தை அழுத்திச் சொன்னாள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னோம்.

"அடையாளம் எண்டது பக்கத்து வீடுதான். தேடுற வீடு இல்ல. இரண்டுக்கும் நடுவில வெட்டு விழுந்தா அடையாளம் மட்டும் மிஞ்சும், குணம் போயிரும். அதனால கடைசியில எல்லாத்தையும் வயலில போட்டுப் பார்ப்பம். பார்க்காம ஒரு விதையையும் விவசாயிக்குக் கொடுக்கமாட்டம். அடையாளம் இல்லாட்டியும் குணம் உள்ள செடி இருக்கும். அதைக் கழிச்சுட்டமே எண்டு பிறகு கவலைப்பட்டிருக்கிறம்."

நாங்கள் நால்வரும் சற்று நேரம் பேசவில்லை. அவள் கம்பைப் பற்றித்தான் சொன்னாள். எங்களுக்கு வெட்டுப்புள்ளி ஞாபகத்துக்கு வந்தது.

பரீட்சைப் புள்ளி ஓர் அடையாளம். திறமைக்குப் பக்கத்து வீடு. அதை வைத்துப் பல்கலைக்கழகம் தெரிவு செய்கின்றது. செய்யத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் நாங்களும் ஊரும் அந்த அடையாளத்தையே பிள்ளை என்று எடுத்துக்கொண்டோம். வயலில் போட்டுப் பார்க்கவில்லை. சில புள்ளிகள் குறைந்ததற்காகக் கெட்டிக்காரி ஒருத்தியை இரக்கப்பட்டே ஒதுக்கினோம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தே நோயாளியை முடிவு செய்துவிடாதீர்கள் என்று கற்றுத் தேர்ந்த நாங்களே அப்படிச் செய்தோம்.

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். "எங்கட விதை ஆருக்கிட்ட இருக்கு?"

குரக்கனின் கதை கம்பின் கதையைவிடக் கடினமானது. கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டு நிலங்களில் பிறந்து பல்லாயிரம் மைல் தாண்டி எங்கள் சேனைகளுக்கு வந்த பயிர் அது. இரண்டு மூதாதைப் புல்லினங்கள் சேர்ந்து உருவானதால் அதற்கு 36 நிறமூர்த்தங்கள். பூ மிகச் சிறியது. தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்வது. இரண்டு வகைகளைச் சேர்ப்பதென்றால் ஊசிமுனை வேலை. அதன் பரம்பரைப் படம் 2007இல்தான் வந்தது. மரபணுத் தொகுதியின் முதல் வாசிப்பு 2017இல் பெங்களூரு விவசாயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதன் பெரிய எதிரி எரிபந்த நோய். நெல் வயலுள்ள வீடுகளில் இந்தப் பெயர் தெரியாதவர் இல்லை. நெல்லைத் தாக்கும் பங்கசின் நெருங்கிய உறவுதான் குரக்கனையும் தாக்குகின்றது. அதைத் தாங்கும் பகுதிகளைப் படத்தில் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கின்றது.

எங்கள் நாட்டில் மஹஇலுப்பல்லமவிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ராவணா, ரவி, ஒஷத போன்ற குரக்கன் வகைகளைத் தந்திருக்கின்றது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாவர மரபு வளங்கள் நிலையம் இருக்கின்றது. நாட்டின் பழைய விதைகளை உலர்த்தி, குளிரூட்டி, இலக்கமிட்டு அங்கே காத்துவருகின்றார்கள். ஒரு விதை அங்கே இருந்தால் இன்று தேவைப்படாவிட்டாலும் நாளை யாராவது எடுத்துப் பார்க்கலாம். எச்.எச்.பி. 67ஐக் காப்பாற்றிய எதிர்ப்பும் இப்படிக் காக்கப்பட்டு, வளர்த்தெடுக்கப்பட்ட வரிசை ஒன்றிலிருந்துதான் வந்தது. எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும் பார்ப்பதற்கு விதை இருக்க வேண்டும். இல்லாத விதையில் எந்த அடையாளத்தைத் தேடுவது?

எங்கள் உம்மும்மாமார் விதையைச் சாம்பலில் புரட்டி, முட்டியில் இட்டு, வாயைக் கட்டி, அடுப்படிக்கு மேலே வைத்ததை எங்களில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கின்றோம். யுத்த காலத்தில் மேற்கே சேனைக்குப் போவது நின்றது. சுனாமியில் வீட்டோடு முட்டியும் போனது. மிஞ்சியதைக் கடைத்தெருப் பொதி மாவு முடித்துவைத்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளூரில் இன்னும் சில வீடுகளில், மேற்கே சில குடிசைகளில், ஒரு பிடி குரக்கனோ இறுங்கோ பழைய விதையாக இருக்கக்கூடும்.

ஆகவே, நூற்றாண்டு காணும் இந்தச் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, உங்கள் வீட்டிலோ உறவிலோ பழைய குரக்கன், கம்பு, இறுங்கு, சாமை விதை இருந்தால் வறுத்துவிடாதீர்கள். எந்த ஊர், யார் வைத்திருந்தது, என்ன பெயரால் அழைத்தார்கள், எதற்குச் சமைத்தார்கள், எந்த மாதத்தில் விதைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி விதையோடு வையுங்கள். பிரதேச விவசாயப் போதனாசிரியர் மூலம் கன்னொறுவைக்குச் சேர்க்கலாம். விதையோடு கதையும் போனால்தான் அதற்குப் பெறுமதி.

இரண்டாவது, சங்கம் வழங்கும் புலமைப்பரிசில்களில் ஒன்றை விவசாய பீடத்துக்குப் போகும் மாணவிக்கென ஒதுக்குங்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கான செலவை எங்கள் நால்வரின் குடும்பங்களும் ஏற்கின்றன.

மூன்றாவது, தங்கைகளுக்கும் அவர்களுடைய உம்மாமாருக்கும். வைத்தியராக வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. நாங்கள் அதனால்தான் இங்கே நிற்கின்றோம். ஆனால் முடிவு வரும் நாளில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளையைப் பார்த்து இரக்கப்படாதீர்கள். அவளிடம் "அடுத்தது என்ன படிக்கப்போறாய்?" என்று கேளுங்கள். எங்கள் கிளினிக்குகளில் வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு நாங்கள் மருந்து எழுதலாம். அவர்களின் தட்டில் இருக்கும் மணியை நோயிலிருந்தும் வரட்சியிலிருந்தும் காப்பதற்கு வேறொருத்தி வேண்டும்.

அந்த வேறொருத்தி இன்று இந்த மண்டபத்தில் இருக்கின்றாள். கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக. மேடைக்கு வா என்று எவ்வளவோ கேட்டோம், வரமாட்டேன் என்றுவிட்டாள். பெயரைச் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கின்றாள். சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல அனுமதி கேட்டோம், அதற்குத் தலையாட்டினாள்.

புள்ள, அன்றைக்கு நாங்கள் உன்னைப் பார்த்து இரக்கப்பட்டது பிழை. மன்னித்துக்கொள். நீ கற்றுத்தந்ததைத்தான் இன்று நாங்கள் பேசினோம்.

உரை முடிந்தபின் அந்த வயதான தாயை அவளிடம் அழைத்துப் போகப் போகின்றோம். அத்தாய் தன் தங்கையின் வீட்டிலிருந்து ஒரு சிறு போத்தலில் ஏதோ கொண்டுவந்திருக்கின்றார். அது எந்த வகை, முளைக்குமா என்பதை அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.